எக்ஸெலில் வீட்டு பில் பட்டியல்: காலி வரிசையெல்லாம் சிவப்பு, தவறிய பில் மட்டும் வெள்ளை

கணக்குநோட்டு

வீட்டு பில்களுக்கு ஒரு ஷீட். ஏ காலத்தில் (நெடுவரிசையில்) பில்லின் பெயர், பி-யில் இணைப்பு எண், சி-யில் கட்ட வேண்டிய கடைசி நாள், டி-யில் தொகை, இ-யில் கட்டிய நாள். ஏ2 முதல் ஜி200 வரை தேர்ந்தெடுத்து, கடைசி நாள் தாண்டிய பில்லின் வரிசை சிவப்பாக வேண்டும் என்று, கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் (நிபந்தனையைப் பார்த்து நிறம் மாற்றும் வசதி) இந்த விதியைக் கொடுத்திருக்கிறேன், டுடே() என்பது இன்றைய தேதி:

=$சி2<டுடே()

உண்மைக்கும் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. 15-ஆம் வரிசைக்குக் கீழே ஒன்றுமே எழுதவில்லை, ஆனால் 200 வரை முழுக்கச் சிவப்பு. 9-ஆம் வரிசையில் தண்ணீர் வரி, கடைசி நாள் 13.07.2025, எப்போதோ தாண்டிவிட்டது, அது மட்டும் வெள்ளையாகவே இருக்கிறது. கட்டி முடித்த பில்களும் சிவப்பு. எங்கே தப்பு?

(ஃபார்முலாவை இங்கே தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன். ஷீட்டில் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.)

செல்முகவரி

மூன்றும் வேறு வேறு தப்பு, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காலி வரிசை: எக்ஸெலுக்குத் தேதி என்பது ஒரு எண், அவ்வளவுதான். 1900 ஜனவரி 1 என்றால் 1, அதிலிருந்து நாளுக்கு ஒன்று கூடும். காலி செல்லை ஒப்பிடும்போது அதை 0 என்று எடுத்துக்கொள்ளும். 0 இன்றைய தேதியை விடச் சின்னது. அதனால் எழுதாத வரிசையெல்லாம் 1900-க்கு முன்னால் தவறிப்போன பில்லாகிவிடுகிறது.

தண்ணீர் வரி: 13.07.2025 என்று புள்ளி வைத்து அடித்திருக்கிறீர்கள். இந்திய செட்டிங் உள்ள விண்டோஸில் எக்ஸெல் அதைத் தேதியாக எடுக்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எழுத்துதான் எப்போதும் பெரியது என்பது எக்ஸெலின் கணக்கு. ஆகவே அது டுடே()-வை விடச் சின்னதாக என்றைக்கும் ஆகாது. பத்து வருஷம் போனாலும் வெள்ளைதான்.

கட்டிய பில்: இ காலத்தைப் பார்க்கச் சொல்லி விதியில் எங்குமே நீங்கள் சொல்லவில்லை.

இப்படி மாற்றுங்கள், ஆண்ட் என்றால் உள்ளே உள்ள மூன்று நிபந்தனையும் சேர்ந்து பொருந்த வேண்டும்:

=ஆண்ட்(ஈஸ்நம்பர்($சி2),$இ2="",$சி2<டுடே())

ஈஸ்நம்பர் என்பது செல்லில் இருப்பது எண்தானா என்று பார்ப்பது, அது காலி செல்லையும் எழுத்துத் தேதியையும் ஒரே அடியில் வெளியே தள்ளிவிடும். ஆனால் எழுத்துத் தேதி சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளக் கூடாது. அதற்குத் தனியாக இன்னொரு விதி, ஊதா நிறத்தில், சி காலத்துக்கு மட்டும்:

=ஆண்ட்($சி2<>"",ஈஸ்நம்பர்($சி2)=ஃபால்ஸ்)

ஊதா தெரிந்தால் தேதியைத் திருத்த வேண்டும் என்று அர்த்தம்.

கடைசித்தேதி

மேலே சொன்னதோடு ஒன்று. எழுத்துத் தேதிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அடிக்கத் தேவையில்லை. சி காலத்தைத் தேர்ந்தெடுத்து டேட்டா > டெக்ஸ்ட் டு காலம்ஸ் போங்கள். முதல் இரண்டு பக்கத்திலும் நெக்ஸ்ட். மூன்றாவது பக்கத்தில் டேட் என்பதைத் தொட்டு, பக்கத்துப் பெட்டியில் நாள்-மாதம்-வருஷம் வரிசையைத் தேர்ந்து ஃபினிஷ். முடிந்தது.

ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் புள்ளியை எடுத்துவிட்டுச் சாய்கோடு போடலாம் என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்க செட்டிங் உள்ள கணினியில் அதைச் செய்துவிடாதீர்கள். 05.07.2025 என்பது மே 7 ஆகிவிடும். 13.07.2025 மட்டும், 13-ஆவது மாதம் கிடையாது என்பதால், எழுத்தாகவே நிற்கும். பாதி தேதி தப்பான மாதத்தில் போய் உட்காரும், அவை பார்க்க ஒழுங்காகவும் இருக்கும். அதுதான் ஆபத்து.

கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்க: செல்லில் அலைன்மென்ட் எதுவும் கொடுக்காமல் விடுங்கள். உண்மையான தேதி வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். எல்லாவற்றையும் நடுவில் கொண்டுவந்து அழகுபடுத்தினால் இந்த அடையாளம் போய்விடும்.

குறிஞ்சிமலர்

அந்த டாலர் குறி எதுக்கு? $சி2-ன்னு முன்னாடி மட்டும் இருக்கு, நடுவுல இல்ல. எங்கிட்ட இருக்கற ஷீட்ல விதி ஒரு செல்லுக்கு மட்டும் வேலை செய்யுது, முழு வரிசையும் நிறம் மாற மாட்டேங்குது.

செல்முகவரி

@குறிஞ்சிமலர், விதி நீங்கள் தேர்ந்த பரப்பின் இடது மேல் மூலைக்காக எழுதப்படுவது. மற்ற செல்களுக்கு எக்ஸெல் அதை நகர்த்தி நகர்த்திப் படிக்கும். டாலர் இல்லாமல் சி2 என்று எழுதினால் ஏ2 செல் சி2-வைப் பார்க்கும், பி2 செல் டி2-வைப் பார்க்கும், சி2 செல் இ2-வைப் பார்க்கும். தொகையைப் போய்த் தேதியோடு ஒப்பிடும். $சி என்று போட்டால் வரிசையில் எந்தச் செல்லாக இருந்தாலும் சி காலத்தையே பார்க்கும். 2-க்கு முன்னால் டாலர் போடக் கூடாது. போட்டால் 200 வரிசையும் இரண்டாவது வரிசையின் தேதியைப் பார்த்துத்தான் நிறம் மாறும்.

இதில் இன்னொரு பொறி. ஏ2-விலிருந்து ஏ200 வரை மேலிருந்து கீழே இழுத்துத் தேர்ந்தால் சரி. கீழிருந்து மேலே இழுத்துத் தேர்ந்தால் எக்ஸெல் ஏ200-ஐத்தான் ஆக்டிவ் செல்லாக வைத்திருக்கும், ஃபார்முலாவை அதற்கானதாக எடுத்துக்கொள்ளும். நிறம் சம்பந்தமே இல்லாத வரிசையில் விழும். சந்தேகம் வந்தால் மேனேஜ் ரூல்ஸைத் திறந்து, அப்ளைஸ் டு (விதி எந்தப் பரப்புக்கு என்பது) என்ன சொல்கிறது, ஃபார்முலாவில் என்ன வரிசை எண் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டிலும் முதல் வரிசை எண் ஒன்றாக இருக்க வேண்டும்.

நெடுவரிசை

எனக்கு இந்த முறையிலேயே உடன்பாடு இல்லை. முடிவெடுக்கும் வேலையை நிறத்துக்குள் ஒளித்து வைக்கிறீர்கள். நிறத்தைக் கூட்ட முடியாது. "இந்த வாரம் கட்ட வேண்டியது எவ்வளவு" என்று கேட்டால் நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் கூட்டும் சம்இஃப்ஸுக்குச் சிவப்பு தெரியாது. வடிகட்டிப் பார்க்கலாம், அதோடு சரி.

எஃப் காலத்தில் நிலை என்று ஒன்று வையுங்கள்:

=இஃப்($சி2="","",இஃப்($இ2<>"","கட்டியாச்சு",இஃப்(ஈஸ்நம்பர்($சி2)=ஃபால்ஸ்,"தேதி தப்பு",இஃப்($சி2<டுடே(),"தவறியது",இஃப்($சி2-டுடே()<=5,"நெருங்குது","இருக்கு")))))

விதிகள் அதற்குப் பிறகு ஒற்றை வரிதான்: =$எஃப்2="தவறியது" சிவப்பு, =$எஃப்2="நெருங்குது" மஞ்சள், =$எஃப்2="கட்டியாச்சு" சாம்பல் எழுத்து. சாம்பல் எழுத்து போதும், பச்சை வேண்டாம். கட்டி முடித்தது கண்ணில் படவே தேவையில்லை.

அடுத்த 5 நாளுக்குள் கட்ட வேண்டிய தொகை:

=சம்இஃப்ஸ்($டி$2:$டி$200,$எஃப்$2:$எஃப்$200,"நெருங்குது")

பின்னால் 5 நாளை 7 நாளாக மாற்ற வேண்டுமென்றால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். நாலு விதியைத் திறந்து நாலு இடத்தில் தேட வேண்டியதில்லை. கறுப்பு வெள்ளையில் அச்சடித்தாலும், சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர் பார்த்தாலும், வார்த்தை அங்கேயே இருக்கும்.

செல்முகவரி

ஒத்துக்கொள்கிறேன், தப்பைக் கண்டுபிடிக்கவும் அது சுலபம். எஃப்9-ல் "தேதி தப்பு" என்று வந்தால் காரணம் கண்ணெதிரே. ஆனால் பத்து பில்லுக்கு ஐந்து அடுக்கு இஃப் வேண்டுமா என்பது அவரவர் விருப்பம். எக்ஸெலில் ஏற்கெனவே "எ டேட் அக்கரிங்" என்று தயார் விதி இருக்கிறது. அதில் நாளை, அடுத்த வாரம், அடுத்த மாதம் எல்லாம் உண்டு. "அடுத்த 5 நாள்" மட்டும் இல்லை. அடுத்த வாரம் என்பதும் காலண்டர் வாரம்தான், இன்றிலிருந்து ஏழு நாள் அல்ல. பில்லுக்கு அது உதவாது.

கணக்குநோட்டு

நிலை காலம் போட்டுவிட்டேன், வேலை செய்கிறது. 9-ஆம் வரிசையில் "தேதி தப்பு" வந்தது, டெக்ஸ்ட் டு காலம்ஸ் போட்டதும் "தவறியது" ஆனது. நன்றி. அடுத்த சந்தேகம், ஒவ்வொரு பில்லுக்கும் கடைசி நாளைக் கையால்தான் போட வேண்டுமா?

கடைசித்தேதி

பில்லுக்குப் பில் வழி மாறும். எல்லாவற்றுக்கும் ஒரே ஃபார்முலா என்று இறங்கினால் கெட்டுப்போகும்.

இ.பி.: தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கெடுப்பு. ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள். ரீடிங் எடுக்க வரும் நாள் முன்னே பின்னே ஆகும், அதனால் போன தடவை தேதியோடு 60-ஐக் கூட்டாதீர்கள். ரீடிங் நாளை ஒரு காலத்தில் போட்டு, கடைசி நாள் = அது + 20.

ப்ரீபெய்டு ரீசார்ஜ்: 28 நாள் பேக் என்றால் +28 தான், மாதம் அல்ல. 28 × 13 = 364. வருஷத்துக்குப் பன்னிரண்டு என்று பட்ஜெட் போட்டால் பதின்மூன்றாவது ரீசார்ஜ் வந்து நிற்கும்.

சொத்து வரி: சென்னை மாநகராட்சியில் அரையாண்டுக் கணக்கு, ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5% ஊக்கத்தொகை, உச்சவரம்பு 5,000 ரூபாய். அரையாண்டு வரி 3,600 என்றால் 180 ரூபாய் மிச்சம். அதனால் சி காலத்தில் அரையாண்டு முடியும் நாளைப் போடாமல் இந்தச் சலுகை நாளைப் போடுங்கள். மஞ்சள் வருவதற்கு அர்த்தம் இருக்கும்.

ஆயுள் இன்ஷூரன்ஸ் பிரீமியம்: மாதத் தவணைக்கு 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அந்தச் சலுகை முடியும் நாளைக் கடைசி நாளாகப் போடும் பழக்கம் வேண்டாம். பிரீமியம் நாளைப் போட்டுவிட்டு, சலுகை நாளைக் குறிப்பில் எழுதுங்கள்.

மாதாமாதம் வருவதற்கு ஈடேட், தேதியோடு மாதங்களைக் கூட்டும் ஃபங்ஷன். அதில் ஒரு குழி இருக்கிறது. ஜனவரி 31-லிருந்து =ஈடேட்(சி2,1) என்றால் பிப்ரவரி 28. அடுத்த வரிசையில் அந்தப் பிப்ரவரி 28-லிருந்து ஈடேட் போட்டால் மார்ச் 28 வரும், 31 திரும்ப வராது. முன் வரிசையைப் பார்க்காமல் முதல் தேதியையே பாருங்கள்: =ஈடேட்($சி$2,1), =ஈடேட்($சி$2,2) என்று எண்ணை மட்டும் கூட்டுங்கள்.

வடமராட்சியான்

இஞ்ச இலங்கையில கரண்ட் பில் மாதாமாதம். கடைசி நாளை விட யூனிட்தான் எங்களுக்குத் தலையிடி. 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டில இருந்தே வேற விலை. அதுக்கு முன்கூட்டியே நிறம் மாறுற மாதிரி செய்யேலுமோ? பில் வந்த பிறகு சிவப்பைப் பார்த்து என்ன பிரயோசனம்.

நெடுவரிசை

முடியும், இதுதான் நிறத்தின் சரியான பயன் என்றே சொல்வேன். தமிழ்நாட்டிலும் இதே கதை 500 யூனிட்டில் இருக்கிறது. 2022 செப்டம்பர் கட்டணத்தில் 500 வரை முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை 2.25, 400 வரை 4.50, 500 வரை 6. ஆக 1,725 ரூபாய். 501 ஆனதும் 101-200-க்கான சலுகை போய் அதுவும் 4.50 ஆகிவிடும், 501-ஆவது யூனிட் 8. மொத்தம் 1,958. ஒரே யூனிட்டுக்கு 233 ரூபாய். பிறகு விலை மாறியிருக்கிறது, உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுப் பாருங்கள்.

தனி ஷீட்டில் நாலே செல்: பி1 கடைசி ரீடிங் நாள், பி2 அந்த ரீடிங், பி3 இன்றைய மீட்டர் எண், பி4 இதே வேகத்தில் போனால் எவ்வளவு ஆகும் என்பது:

=(பி3-பி2)/(டுடே()-பி1)*60

22 நாளில் 198 யூனிட் என்றால் நாளுக்கு 9, அறுபது நாளில் 540. பி4-க்கு இரண்டு விதி: 500-க்கு மேல் சிவப்பு, 430-க்கு மேல் மஞ்சள். சிவப்பு மேலே, மஞ்சள் கீழே. வரிசை மாறினால் 540-க்கும் மஞ்சள்தான் காட்டும், ஏனென்றால் 540, 430-க்கும் மேல்தானே. இரண்டு விதியும் ஒரே செல்லில் நிறத்துக்குச் சண்டை போட்டால் பட்டியலில் மேலே இருப்பதுதான் ஜெயிக்கும்.

மீட்டர் எண்ணைப் போட்ட அன்று மட்டும்தான் இது சரியாக இருக்கும். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் டுடே() நகர்ந்திருக்கும், மீட்டர் எண் பழையது, கணிப்பு குறைவாகக் காட்டும். அதனால் பி5-ல் மீட்டர் பார்த்த நாளைக் கையால் எழுதி, டுடே()-க்குப் பதிலாக பி5-ஐப் போடுவது உத்தமம். இலங்கைக்கு 60-க்குப் பதில் 30 நாள், 500-க்குப் பதில் 60.

வடமராட்சியான்

விளங்கிச்சுது. பி5 விஷயம் முக்கியம், அதை யோசிக்கேல்லை.

குறிஞ்சிமலர்

பில் வழக்கத்தை விட அதிகமா வந்தா காட்ட ஒரு விதி போட்டேன். சராசரியை விட 30% கூட இருந்தா ஆரஞ்சு:

=$டி2>1.3*ஆவரேஜ்இஃப்ஸ்($டி$2:$டி$200,$ஏ$2:$ஏ$200,$ஏ2)

780, 820, 760 வந்த பில் திடீர்னு 1,100 வந்திருக்கு. ஆரஞ்சே வரல.

செல்முகவரி

சராசரிக்குள் அந்த 1,100-ம் இருக்கிறது. நாலையும் சேர்த்தால் 865, அதன் 1.3 மடங்கு 1,124.50, உங்கள் பில் அதற்குள் அடங்கிவிட்டது. சந்தேகப்படும் ஆளையே சாட்சியாக வைத்துக்கொண்ட மாதிரி. அந்த வரிசைக்கு முந்தைய பில்களை மட்டும் எடுங்கள்:

=$டி2>1.3*ஆவரேஜ்இஃப்ஸ்($டி$2:$டி$200,$ஏ$2:$ஏ$200,$ஏ2,$சி$2:$சி$200,"<"&$சி2)

இப்போது சராசரி 786.67, எல்லை 1,022.67, ஆரஞ்சு வரும். முதல் பில்லுக்கு முந்தையது எதுவும் இல்லாததால் ஃபார்முலா பிழை தரும். கவலை வேண்டாம், கண்டிஷனல் ஃபார்மட்டிங் பிழையைப் "பொய்" என்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடும்.

எஸ்எம்எஸ்ஸிலிருந்து "ரூ.1,100/-" என்று அப்படியே ஒட்டினாலும் வம்பு. அது எழுத்து, எழுத்து எந்த எண்ணையும் விடப் பெரியது, நிரந்தரமாக ஆரஞ்சு. தொகைக்கு வெறும் 1100, ரூபாய் குறி செல் ஃபார்மட்டில்.

மின் கட்டணத்தைச் சராசரியோடு ஒப்பிடுவதை விடப் போன வருஷம் இதே பில்லோடு ஒப்பிடுங்கள். மே மாதம் ஏசி ஓடும், அது அதிசயம் அல்ல.

பத்தாம்தேதி

கூகுள் ஷீட்ஸில் போட்டிருப்பவர்களுக்கு இரண்டு விஷயம்.

ஃபைல் > செட்டிங்ஸில் டைம் சோனைப் பாருங்கள். டுடே() உங்கள் ஃபோன் நேரத்தை எடுக்காது, ஷீட்டின் டைம் சோனை எடுக்கும். அது லாஸ் ஏஞ்சலஸ் என்று இருந்தால் நம்ம ஊரில் மதியம் 12:30 வரை, அங்கே குளிர்காலமானால் 1:30 வரை, நேற்றைய தேதிதான். காலையில் திறந்து பார்த்து "இன்னும் சிவப்பு வரவில்லையே" என்று விட்டுவிடுவீர்கள். லொக்கேலையும் (எந்த நாட்டு வழக்கம் என்பது) அங்கேயே இந்தியாவுக்கு மாற்றிவிடுங்கள், நாள்/மாதக் குழப்பமும் தீரும்.

இரண்டாவது, வேறு தாளில் உள்ள செல்லை விதியில் நேரடியாகக் குறிப்பிட்டால் ஏற்காது. இன்டைரக்ட்("செட்டிங்!பி1") என்று சுற்றிக் கொடுக்க வேண்டும். எக்ஸெலில் 2010-லிருந்து நேராகவே கொடுக்கலாம்.

சேன்_நதி

பிரான்ஸ், ஜெர்மனியில் இருப்பவர்கள் கவனிக்க: கமாவுக்குப் பதில் அரைப்புள்ளி. எக்ஸெல் அந்த மொழியில் இருந்தால் ஃபங்ஷன் பெயரும் மாறும். ஜெர்மனில் இஃப் என்பது வென், டுடே என்பது ஹொய்ட்டே. இங்கிருந்து படியெடுத்தால் பிழைதான் வரும்.

கணக்குநோட்டு

இன்னொரு சிக்கல். இரண்டு வாரமாக ஒழுங்காக ஓடியது. இப்போது மேனேஜ் ரூல்ஸைத் திறந்தால் மூன்று விதி இருந்த இடத்தில் பதினேழு இருக்கிறது. சில வரிசைக்கு நிறமே வரவில்லை.

நெடுவரிசை

வரிசையை கட் செய்து வேறு இடத்தில் ஒட்டியிருப்பீர்கள், அல்லது பழைய பில் வரிசையைக் காப்பி செய்து புது மாதத்துக்கு ஒட்டியிருப்பீர்கள். ஒட்டும்போது விதியும் சேர்ந்து வரும். ஒவ்வொரு தடவையும் பரப்பு துண்டு துண்டாகப் பிரியும்: ஏ2:ஜி8, ஏ10:ஜி31, ஏ9:ஜி9 என்று.

மேனேஜ் ரூல்ஸில் "திஸ் வொர்க்‌ஷீட்" தேர்ந்து எல்லாவற்றையும் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒன்றை வைத்துவிட்டு மற்றதை அழியுங்கள். மிஞ்சியவற்றின் அப்ளைஸ் டுவில் =$ஏ$2:$ஜி$200 என்று திருத்துங்கள். ஃபார்முலாவில் வரிசை எண் 2 தானா என்றும் பாருங்கள், துண்டானதில் 9 என்று மாறியிருக்கலாம்.

இனிமேல் ஒட்டும்போது பேஸ்ட் ஸ்பெஷல் > வேல்யூஸ். கூகுள் ஷீட்ஸில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + வி. பட்டியலை கன்ட்ரோல் + டி (ஆங்கில T) கொடுத்து டேபிளாக்கிவிட்டால் கீழே புது வரிசை அடிக்கும்போது விதியும் தானாக நீளும், 200 என்ற கணக்கும் தேவையில்லை. ஆனால் விதிக்குள் டேபிள் பெயர் போட்டுக் காலத்தைக் குறிப்பிட முடியாது, $எஃப்2 மாதிரிதான் எழுத வேண்டும்.

கடைசித்தேதி

பி காலத்தை டெக்ஸ்ட் ஃபார்மட்டில் வைத்திருக்கிறீர்களா? பூஜ்யத்தில் தொடங்கும் இணைப்பு எண்ணை எண்ணாக அடித்தால் முதல் 0 போய்விடும். ஒரே பில்லை இரண்டு தடவை கட்டியதைக் கண்டுபிடிக்க ரசீது எண்ணுக்கு கவுண்ட்இஃப் (ஒரு மதிப்பு எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுவது) விதி போடுபவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. எண் 15 இலக்கத்தைத் தாண்டினால், டெக்ஸ்டாக வைத்திருந்தாலும், கவுண்ட்இஃப் அதை எண்ணாக்கி முதல் 15-ஐ மட்டும் ஒப்பிடும். கடைசி இலக்கம் மட்டும் வேறுபடும் இரண்டு ரசீதை ஒன்று என்று காட்டும். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணை ஜி-யில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை:

=ஆண்ட்($ஜி2<>"",கவுண்ட்இஃப்($ஜி$2:$ஜி$200,$ஜி2)>1)

இது ஒரே எண்ணை இரு வரிசையில் எழுதியதைத்தான் காட்டும். பணம் இரு முறை போயிருந்தால் எண் இரண்டும் வேறாக இருக்கும். அதற்குப் பெயர், கடைசி நாள், தொகை மூன்றையும் கவுண்ட்இஃப்ஸில் பாருங்கள்.

கணக்குநோட்டு

பதினேழை மூன்றாக்கிவிட்டேன். 12-ஆம் வரிசை மட்டும் கட்டாமலேயே "கட்டியாச்சு" என்கிறது. இ12 காலியாகத்தான் இருக்கிறது.

செல்முகவரி

இ12-ல் ஸ்பேஸ் இருக்கும். பழைய தேதியை அழிக்கும்போது டெலீட்டுக்குப் பதில் ஸ்பேஸ் பாரைத் தட்டியிருப்பீர்கள். எங்காவது =லென்(இ12) போட்டுப் பாருங்கள், செல்லில் எத்தனை எழுத்து என்று அது எண்ணும். ஃபார்முலாவில் $இ2<>"" என்பதை ஈஸ்நம்பர்($இ2) என்று மாற்றிவிட்டால் தேதி இருந்தால் மட்டுமே கட்டியதாக எடுக்கும்.

கணக்குநோட்டு

1 என்று வந்தது. மாற்றிவிட்டேன், இப்போது "தவறியது". பிராட்பேண்ட் பில், மூன்று நாள் ஆகிவிட்டது. கட்டிவிட்டு வருகிறேன்.